பிலோமினா அக்கா பிடித்த கயிறு

கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு, அரை மணி நேரம் கண்ணைத் திறக்கக் கூடாது என்று உட்கார வைத்திருந்தார்கள். சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டி, யாரென்று பார்க்கச் சொன்னேன். "சண்முகம்னு வருது" என்றார். பிலோமினா அக்காவின் கணவர் சண்முகம் அண்ணன் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் அல்ல. "தம்பி, காலையில பிலோ போயிட்டா. நெஞ்சு வலிக்குன்னா. நான் சட்டைய மாட்டிட்டு வாரதுக்குள்ள முடிஞ்சிருச்சு. நாளைக்குப் பத்து மணிக்கு எடுக்கோம்" என்று சொல்லி வைத்துவிட்டார். மூடிய கண்ணிலிருந்து வழிந்ததை மருந்து என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவர் பஞ்சு எடுத்துக் கையில் வைத்தார்.

எங்கள் மில்லில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வேலை பார்த்தவர்களுக்குப் பிலோமினா அக்காவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பிறகு வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ராஜபாளையத்தில் நாங்கள் வேலை பார்த்த நூற்பாலையின் டிஸ்பென்சரியில் அவர் நர்ஸ். டாக்டர் வாரத்தில் மூன்று நாள் வந்து போவார். மற்ற நேரமெல்லாம் டிஸ்பென்சரி என்றால் அக்காதான். பஞ்சுத்தூசி இருமல், பெல்ட்டில் மாட்டிய விரல், சம்பளத்துக்கு முந்தின வாரம் வரும் தலைவலி எல்லாவற்றுக்கும் அவரிடம்தான் போக வேண்டும். மெஷினில் கையைக் கொடுத்துவிட்டு வருகிறவன் வலியோடு சேர்த்து, மேஸ்திரி அவசரப்படுத்தினார், பக்கத்து ஆள் கவனிக்கவில்லை என்று வழக்கும் கொண்டுவருவான். அக்கா காயத்தைக் கழுவிக்கொண்டே சொல்வார்: "வலி எங்கன்னு மட்டும் சொல்லு. யாரால வந்துச்சுங்கிறதப் பொறவு பாத்துக்கலாம்." அந்தப் பொறவு பெரும்பாலும் வந்ததே இல்லை.

நான் டைம் ஆபீஸில் கிளார்க். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். சேர்ந்த வருஷம் எல்லோருக்கும் தடுப்பூசி போட்டார்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவரின் கையில் ஊசி இறங்குவதைப் பார்த்ததும் நான் தரையில் கிடந்தேன். கண் விழித்தபோது அக்கா என் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். பெயர் கேட்டார். வைத்தியநாதன் என்றேன். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் திரும்பிக்கொண்டார். அன்றிலிருந்து மில்லில் நடப்பது எதுவானாலும் "நம்ம வைத்தியர் என்ன சொல்லுதாரு" என்று கேட்பார். என்னை விட ஆறேழு வயது மூத்தவர். நான் அக்கா என்றேன், அவர் தம்பி என்றார்.

அவருடைய சொந்த ஊர் தூத்துக்குடி. அப்பா தோணித் தண்டல். தோணி என்றதும் நம் பக்கத்து ஆட்கள் சிறு படகை நினைத்துக்கொள்வார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். தூத்துக்குடித் தோணி மரத்தால் கட்டிய கப்பல். வெங்காயமும் கூரை ஓடும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டு, பாய் விரித்துக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய்வரும். அதை நடத்திச் செல்கிற தலைவருக்குத்தான் தண்டல் என்று பெயர். அப்பாவுக்குப் பிறகு அக்காவின் அண்ணன் மிக்கேல் தண்டல் ஆனார்.

அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தபோது, மெஷின் பூட்டும் வேலையாக வந்த ராஜபாளையத்து ஃபிட்டர் சண்முகத்தை அக்கா கல்யாணம் செய்துகொண்டார். அவர் வேறு மதம், வேறு சாதி. இனி எனக்குத் தங்கச்சி கிடையாது என்று மிக்கேல் சொல்லிவிட்டார். அம்மா மட்டும் மகனுக்குத் தெரியாமல் கடிதம் எழுதுவார். டிஸ்பென்சரி முகவரிக்கு வருகிற அந்தக் கடிதங்களை நான்தான் தபாலிலிருந்து எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்பேன். இப்படிப் பதினோரு வருஷம் போயிருந்தது.

எண்பதுகளின் கடைசியில் ஒரு தை மாதம் வந்த கடிதத்தைப் படித்துவிட்டு அக்கா என்னிடம் நீட்டினார். தூத்துக்குடியில் ஊர்க்காரர்களும் தோணி முதலாளிகளும் சேர்ந்து சனி, ஞாயிறு இரண்டு நாள் விழா நடத்தப்போகிறார்கள். தோணிகளை அலங்கரித்து, பாய் ஏற்றி, பொதுமக்களைக் கொஞ்ச தூரம் கடலில் கூட்டிப்போய் வர வேண்டும். மிக்கேலின் ஆட்களில் பாதிப் பேர் வேறு தோணியில் சரக்கேற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சம்பளமில்லாமல் இரண்டு நாள் வந்து நிற்க ஆள் தேடுகிறார்கள். வித்தை ஒன்றும் தெரிய வேண்டாம், கயிறு பிடித்து இழுக்க வலு இருந்தால் போதும், பெண்களும் பிள்ளைகளும் ஏறுவதால் முதலுதவி தெரிந்த ஒரு பெண்ணும் வேண்டும் என்று மிக்கேல் சொன்னதாக அம்மா எழுதியிருந்தார். மகளை வா என்று அவர் ஒரு வரிகூட எழுதவில்லை.

"தண்டல் வீட்டுல பொறந்து ஒரு நாளும் தோணியில கால் வச்சதில்ல தம்பி. பொம்பளப்பிள்ளைய ஏத்த மாட்டாவ. கரையில நின்னு கையாட்டுறதோட சரி" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க வாரீகளா?" என்று கேட்டார்.

நான் அதுவரை கடலைப் பார்த்ததே இல்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஸ்டோர்ஸில் இருந்த வேங்கடராஜுவும் சேர்ந்துகொண்டார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், நல்ல வாட்டசாட்டமான ஆள். பஞ்சு மூட்டையைத் தனியாகத் தூக்குவார் என்பதால் அக்கா அவரையும் கேட்டிருந்தார். சண்முகம் அண்ணன் பஸ் ஸ்டாண்டு வரை வந்தார். தான் வந்தால் மச்சான் கோபத்தில் வேலையைக் கெடுத்துக்கொள்வார், நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்று மட்டும் எங்களிடம் சொன்னார். கோவில்பட்டியில் பஸ் மாறிப் போனோம். தொண்டர் பட்டியலுக்கு அக்கா தன் பெயரைப் போடாமல் "நர்ஸ், ராஜபாளையம்" என்று மட்டும் எழுதி அனுப்பியிருந்தார்.

சனிக்கிழமை காலை பழைய துறைமுகத்தில் தோணி நின்றது. பாய்மரத்தின் உச்சியைப் பார்க்கக் கழுத்தை முழுதாக நிமிர்த்த வேண்டியிருந்தது. ஏறும் பலகையின் தலைமாட்டில் பட்டியலோடு மிக்கேல் நின்றார். வெயிலில் கறுத்த, நெடிய மனிதர். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டிருந்தார். "நர்ஸ், ராஜபாளையம்" என்று வாசித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார். அக்கா முதலுதவிப் பெட்டியை நெஞ்சோடு பிடித்தபடி பலகையில் நின்றார். மிக்கேல் அடுத்த பெயரை வாசித்தார். போ என்று சொல்லாததையே ஏறு என்று எடுத்துக்கொண்டு அக்கா உள்ளே வந்துவிட்டார். சற்று நேரத்தில் மிக்கேல் வேங்கடராஜுவிடம், "அந்தம்மாவ பொம்பளையாளுக இருக்கிற பக்கம் நிக்கச் சொல்லுங்க" என்றார். அந்தம்மா மூன்று அடி தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

முதல் நடைக்கு ஆட்கள் ஏறினார்கள். நங்கூரம் எடுத்தாயிற்று. பாய் கட்டிய குறுக்குமரத்தை மேலே ஏற்ற வேண்டும். ஏழு பேர் கயிற்றைப் பிடித்தோம். பாதி உயரம் போனதும் நின்றுவிட்டது. எங்களால் அதற்கு மேல் ஒரு முழம்கூட ஏற்ற முடியவில்லை. தோணி காற்றுக்குக் குறுக்கே திரும்பத் தொடங்கியது. வேங்கடராஜு அதற்குள் வாந்தி எடுத்து ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். அப்போது என் பின்னால் கயிறு இறுகியது. அக்கா பெட்டியைக் கீழே வைத்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கயிற்றைப் பிடித்திருந்தார்.

சுக்கானில் நின்ற மிக்கேல் பார்த்தார். தோணியின் பழைய ஆட்களும் அவர் முகத்தையே பார்த்தார்கள். என்ன சத்தம் போடப்போகிறாரோ என்று நான் பயந்தேன்.

"இழு" என்றார்.

எங்கள் எல்லோருக்கும் சொல்வதானால் இழுங்க என்றுதான் சொல்வார். அதுவரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். மரம் ஏறியது. பாய் காற்றை வாங்கிப் புடைத்ததும் பலகைகள் முனகின. தோணி தானாக நகர்ந்தது. மோட்டார் சத்தம் எதுவும் இல்லாமல் அவ்வளவு பெரிய ஒன்று நகர்வதை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

அன்று அக்காவின் அம்மாவும் வந்தார். ஊர்ப் பெண்களோடு வரிசையில் நின்று ஏறி, ஓர் ஓரமாக உட்கார்ந்து, சுக்கானில் நின்ற மகனையும் கயிற்றில் நின்ற மகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே போய்வந்தார். இறங்கியதும் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போனார். அப்படி மூன்று முறை வந்தார்.

மாலையில் கரையில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது அக்கா கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பதினோரு வருசம் கழிச்சு எங்கண்ணன் எங்கிட்டப் பேசின மொத வார்த்தை 'இழு'. கொறை சொல்லக் கூடாது தம்பி. நல்ல வார்த்தைதான்."

இனி எழுதப்போவதை நான் அக்காவின் அடக்கத்து நாள் வரை யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவிக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் வாடைக்காற்று வலுத்தது. கடைசி நடையில் கூட்டம் அதிகம். பாய்க்கு நேர் கீழே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒரு கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். திரும்பி வந்து துறைமுகத்துக்குள் நுழைந்ததும் பாயை இறக்க வேண்டும். இறக்கும்போது கயிற்றை ஒரு தடித்த மரக்கட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். கட்டைக்குப் பக்கத்தில் நான். எனக்குப் பின்னால் அக்கா. மற்றவர்களைப் பாய் மடிக்க அனுப்பியிருந்தார்கள். இரண்டு நாளில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்துவிட்டேன். விரைவாக இறங்கட்டும் என்று, யாரும் சொல்லாமலே ஒரு சுற்றைக் கழற்றினேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு காற்று அடித்தது. கயிறு உருவிக்கொண்டு ஓடத் தொடங்கியது. உள்ளங்கையில் நெருப்பு வைத்தது போல இருந்தது. நான் கயிற்றை விட்டுவிட்டேன். விட்டதோடு இரண்டடி விலகியும் நின்றேன்.

அக்கா விடவில்லை. கயிறு அவரை இழுத்துக்கொண்டு போய்க் கட்டையில் மோத வைத்தது. இரண்டு காலையும் கட்டையில் உதைத்து, சாய்ந்து, தொங்குகிற மாதிரி பிடித்திருந்தார். கயிறு அவர் கைக்குள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் வேகம் குறைந்திருந்தது. மிக்கேல் சுக்கானை விட்டுவிட்டு வர முடியாது. விட்டால் தோணி கல்சுவரில் போய் இடிக்கும். அங்கிருந்தபடியே, "பிலோ, விடாத. ஆள் வருது, விடாத" என்று கத்தினார். பழைய ஆள் ஒருவர் பாய்ந்து வந்து கயிற்றைக் கட்டையில் சுற்றினார். சரிந்து இறங்கிக்கொண்டிருந்த குறுக்குமரம் நின்றது. கீழே இருந்த பிள்ளைகள் எழுந்து நின்றிருந்தால் தலையில் தட்டுகிற உயரத்தில் நின்றது. நடந்தது என்னவென்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. கை தட்டினார்கள்.

கரை சேர்ந்து கூட்டம் இறங்கிய பிறகு மிக்கேல் வந்தார். அக்காவின் இரண்டு உள்ளங்கையிலும் தோல் இல்லை. குடிதண்ணீர்ப் பீப்பாயிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றிக் கழுவினார். மருந்து போட்டுக் கட்ட வேறு ஆள் இல்லை. அக்கா சொல்லச் சொல்ல அவரே கட்டினார். "இறுக்காத. விரல் இடுக்குல கொண்டு வா. இன்னும் ஒரு சுத்து." இரண்டு நாளாக உத்தரவு போட்டுக்கொண்டிருந்த மனிதர் வாய் திறக்காமல் தங்கை சொன்னபடி செய்தார். கட்டி முடித்ததும் எழுந்து எங்களைப் பார்த்து, "யாரு விட்டது?" என்று கேட்டார்.

நான் குனிந்து, மீந்து கிடந்த கட்டுத்துணியைச் சுருட்டத் தொடங்கினேன்.

"கயிறு ஈரமா இருந்துச்சு. வழுக்கிருச்சு" என்றார் அக்கா. என் பக்கம் திரும்பவே இல்லை.

மிக்கேல் தங்கையிடம், "வீட்டுக்கு வா. அம்மா சோறு வச்சிருக்கா" என்றார். நாலடி போய்த் திரும்பி, "அவரையும் ஒரு நாள் கூட்டிட்டு வா" என்றார். அக்கா அதுவரை அழவில்லை. அப்போதுதான் அழுதார். இரண்டு கையிலும் கட்டு இருந்ததால் கண்ணைத் துடைக்க முடியவில்லை. வேங்கடராஜு தன் துண்டைக் கொடுத்தார்.

மறுநாள் காலை பஸ்ஸில் அக்காவின் பை என் மடியில் இருந்தது. கோவில்பட்டி தாண்டியதும், நான்தான் விட்டேன் என்று சொல்லத் தொடங்கினேன். அவர் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினார். "வலி இங்க இருக்கு. இது ஆறிரும். மத்ததெல்லாம் எதுக்கு தம்பி" என்றார். மில்லில் எல்லோரிடமும் அதே ஈரக் கயிற்றுக் கதைதான் சொன்னார். மூன்று வாரம் அவரால் ஊசி போட முடியவில்லை. அதற்காக யாரும் சந்தோஷப்பட்டுக்கொள்ள வேண்டாம் என்று டிஸ்பென்சரி வாசலில் அறிவித்தார். அடுத்த மாதமே சண்முகம் அண்ணன் மாமியார் வீட்டுக்கு முதல் முறையாகப் போனார். மச்சான் மீன் பரிமாறி, முள் எடுத்துச் சாப்பிடத் தெரியாத ராஜபாளையத்து மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்தாராம். அதற்குப் பிறகு அக்கா வீட்டில் கருவாட்டுக்குக் குறைவில்லை. எங்கள் வீட்டுக்கும் வந்தது.

அடக்கத்துக்கு மிக்கேல் வந்திருந்தார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பேரன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். எல்லாம் முடிந்து கல்லறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவரிடம் போய், இந்தத் தடவை நிறுத்தாமல் சொல்லி முடித்தேன். அன்று கயிற்றை விட்டது நான், சுற்றைக் கழற்றியதும் நான் என்றேன்.

"தெரியும் சார்" என்றார். "சுக்கான்ல நிக்கிறவனுக்கு எல்லாம் தெரியும். நான் கேட்டது நீங்க சொல்லுதீங்களான்னு பாக்கத்தான். அன்னைக்கு வீட்டுல வச்சு, அந்தத் தம்பிய ஒரு வார்த்தை கேக்கக் கூடாதுன்னு சொல்லிட்டா. பதினோரு வருசம் கழிச்சு வந்து என் தங்கச்சி எங்கிட்டக் கேட்டது அது ஒண்ணுதான். நான் எப்படி மாட்டேம்பேன்?"

பேரனைப் பிடித்து எழுந்து என் தோளில் கை வைத்தார். கனமான கை.

அக்காவைப் பற்றி ஒவ்வொருவருக்கும் ஒன்று இருக்கும். பிரசவத்துக்கு வண்டி பிடித்துக் கூட்டிப்போனதைச் சொல்வீர்கள், ஓய்வுச் சீட்டு எழுதிக் கொடுத்து மேனேஜரிடம் சண்டை போட்டதைச் சொல்வீர்கள். எனக்கென்று இருப்பது ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் என் தங்கை கோமதி, வீட்டில் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு கூமாப்பட்டிக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளை அந்தப் பக்கத்து மாந்தோப்பு ஒன்றைக் குத்தகைக்கு எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர். எங்கள் சாதி இல்லை. அப்பா இல்லாத வீட்டில் நான்தான் அப்பா மாதிரி என்ற நினைப்பு எனக்கு. அவள் பெயரை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அம்மா சமையல்கட்டில் முகத்தை மறைத்துக்கொண்டு அழுவார். நான் பார்க்காதது போல வேலைக்குப் போவேன். இரண்டு மாதம் இப்படி ஓடியது.

ஒரு நாள் மதியம் அக்கா டைம் ஆபீஸுக்கு வந்தார். அங்கே அவர் வருவது அபூர்வம். எதிரே உட்கார்ந்தார். விஷயம் எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது. புத்தி சொல்லப்போகிறார் என்று எதிர்பார்த்து, பதிலெல்லாம் மனதுக்குள் தயாராக வைத்திருந்தேன். அவர் என் தங்கையைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை.

"எங்கண்ணன் நல்ல மனுசன் தம்பி. அந்தப் பதினோரு வருசத்துல என் மூத்தவன் பொறந்து ஸ்கூலுக்கே போயிட்டான். மாமான்னு ஒருத்தர் இருக்கிறதே அவனுக்குத் தெரியாது. அண்ணன் இன்னைக்கும் அதச் சொல்லிச் சொல்லி மருகுதாவ. ஒரு வார்த்தைல முடியிற காரியம். மொத நாளே முடிச்சிருக்கலாம்லா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வத்திராயிருப்பு பஸ்ஸில் ஏறினேன். அங்கே இறங்கி, கூமாப்பட்டிக்கு வேறு வண்டி பிடித்துப் போனேன். மலையை ஒட்டிய ஊர். விசாரித்துக்கொண்டு வீட்டை அடைந்தபோது கோமதி வாசலில் மாங்காய் வகிர்ந்து காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். பயத்தில் கையில் இருந்த கத்தியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு.

"தண்ணி குடு, கோமதி" என்றேன்.

உள்ளே ஓடினாள். சொம்பில் கொண்டுவந்து நீட்டிய வேகத்தில் பாதித் தண்ணீர் என் சட்டையில் கொட்டியது. இருவரும் சிரித்தோமா அழுதோமா என்று கேட்டால் இன்றும் அவள் ஒன்று சொல்வாள், நான் ஒன்று சொல்வேன்.

அவளுடைய இரண்டு பிள்ளைகளும் என் தோளில் வளர்ந்தவர்கள். போன வருஷம் எனக்கு நெஞ்சில் அறுவைச் சிகிச்சை நடந்தபோது, ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தவள் கோமதிதான். பிலோமினா அக்கா எனக்கென்று விட்டுச் சென்றது என் தங்கையை.